உப்பளத்தோரம் நிற்கும் காருக்கு எந்த பிரேக் டிஸ்க்? ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கார் சிறிய பெட்ரோல் ஹேட்ச்பேக். எட்டு வயது, ஓடியது 61,000 கி.மீ. முன்சக்கரங்களில் காற்றோட்டக் கண்கள் உள்ள டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் வட்டமான பிரேக் தட்டு), பின்சக்கரங்களில் டிரம். உரிமையாளர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வீடு வேதாரண்யத்துக்கும் அகஸ்தியம்பள்ளிக்கும் நடுவே, உப்பளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். வண்டி நிற்பது தென்னங்கீற்றுக் கொட்டகையில். மேலே நிழல் உண்டு, ஆனால் கடல் பக்கம் திறந்தே கிடக்கும்.

வாரத்துக்கு இரண்டு நாள் கடைத்தெருவுக்குப் போய் வருவார். மாதம் ஒருமுறை மனைவியைத் திருச்சி மருத்துவமனைக்கு அழைத்துப் போவார். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, தஞ்சாவூர் வழியாக ஒரு பக்கமே 150 கி.மீ.க்கு மேல். மற்ற நாட்களில் வண்டி கொட்டகையை விட்டு நகராது.

இந்தப் பாதையை அறிந்தவர்களுக்குத் தெரியும், தஞ்சாவூர் வரை 50, 60ஐத் தாண்டி ஓட்ட முடியாது. வளைவு, வாய்க்கால் பாலம், மாடு, வேகத்தடை, தை மாதம் வந்தால் சாலையில் பாதிக்கு நெல்லும் வைக்கோலும். தஞ்சாவூரைத் தாண்டி நால்வழிச் சாலையில் ஏறிய பிறகுதான் 80, 90 போகலாம். அங்கேதான் குறை தெரிந்தது. 2022 டிசம்பரில் செங்கிப்பட்டி அருகே, முன்னால் போன லாரி வேகம் குறைந்ததும் இவர் பிரேக்கை மிதிக்க, ஸ்டியரிங் கையில் உதறியது. கூடவே பெடலும் துடித்தது. வண்டி நின்றுவிட்டது, ஆனால் அருகில் இருந்த அம்மா பயந்துபோனார்கள்.

என் பட்டறை மன்னார்குடியில். அவர் முதலில் என்னிடம் வரவில்லை. 2023 அக்டோபரில்தான் வந்தார். அதற்குள் இரண்டு இடங்களில் மூன்று வேலை நடந்து முடிந்திருந்தது.

என்னிடம் வருவதற்கு முன்

அவர் ஒவ்வொரு பில்லையும் ஒரு ஃபைலில் கோத்து வைத்திருந்ததால் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடிகிறது.

2022 டிசம்பரில், "டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது" என்று சொல்லி, கழற்றி லேத்தில் கொடுத்து முகத்தை மெல்லியதாகச் சீவி மாட்டினார்கள். உதறல் போனது. மார்ச்சில் திரும்பி வந்தது. மறுபடியும் லேத்.

ஏப்ரலில் மீண்டும் உதறல். இந்த முறை சென்னையில் இருக்கும் மகன் கவலைப்பட்டு, துளையும் கீறலும் போட்ட 'ஸ்போர்ட்ஸ்' டிஸ்க் ஒரு ஜோடியை இணையத்தில் வாங்கி அனுப்பினார். 7,400 ரூபாய். வேறொரு பட்டறையில் அதை மாட்டினார்கள். டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளை மாற்றவில்லை. மூன்று மாதம் வண்டி நன்றாக ஓடியது. ஆகஸ்டில் லேசாக ஆரம்பித்து, அக்டோபரில் முதல் தடவையைவிட மோசமாக உதறியது.

ஒவ்வொரு முறையும் வேலை முடிந்த அன்று வண்டி சரியாக இருந்திருக்கிறது. ஒரு மாதமோ மூன்று மாதமோ கழித்துத்தான் குறை திரும்பியிருக்கிறது. இந்த ஒரு விவரம் போதும், டிஸ்க்கைத் தாண்டித் தேட வேண்டும் என்று புரிய. பில்களை அடுக்கிப் பார்த்தபோது எனக்கு முதலில் பட்டது இதுதான்.

பட்டறையில் பார்த்ததும் அளந்ததும்

முதலில் ஓட்டிப் பார்த்தேன். 50க்குக் கீழே ஒன்றும் இல்லை. 80இல் மெதுவாக மிதித்தால் ஸ்டியரிங் இடமும் வலமும் படபடக்கிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. பிரேக் மிதிக்காதபோது அதிர்வு இல்லாததால் வீல் பேலன்சிங், டயர் இரண்டையும் ஒதுக்கி வைத்தேன். ஸ்டியரிங்கில் தெரிவதால் முன்சக்கரம்.

சக்கரத்தைக் கழற்றியதும் கண்ணுக்குத் தெரிந்தவை: துளைகளில் பாதிக்கு மேல் அடைத்துக் கிடந்தன. வண்டல் களிமண்ணும் துருவும் பேடு தூளும் சேர்ந்து சிமெண்ட் போல இறுகியிருந்தன. நாற்றுநடவுக் காலத்தில் டிராக்டர் சக்கரம் இறைத்துவிட்டுப் போகும் சேறுதான். துளை விளிம்புகளில் சாய்வு வெட்டு இல்லை. சாதாரண டிஸ்க்கை வாங்கித் துளை போட்டு விற்றது போல இருந்தது. இடது டிஸ்க்கின் முகத்தில் ஓரிடத்தில் பேடின் அச்சு அப்படியே நிழலாகப் பதிந்திருந்தது. ஈரத்தோடு பல நாள் ஒரே இடத்தில் நின்றதற்கு அடையாளம் அது.

பிறகு அளவுகள். டிஸ்க் கனத்தை மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடத்தில் எடுத்தேன். வெர்னியரால் எடுத்தால் தேயாத வெளி விளிம்பின் மேல் உட்கார்ந்து உண்மையைவிட அதிகமாகக் காட்டிவிடும். இடது டிஸ்க்கில் கூடிய இடத்துக்கும் குறைந்த இடத்துக்கும் வித்தியாசம் 0.028 மி.மீ. வலதில் 0.012. தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை என்று தோன்றும். ஆனால் 0.015ஐ நெருங்கும்போதே பல வண்டிகளில் பெடலில் தெரியத் தொடங்கும். 80 கி.மீ. வேகத்தில் இந்தச் சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய 12 தடவை சுற்றுகிறது. அத்தனை தடவையும் பேடு அந்த மேட்டில் ஏறி இறங்குகிறது.

அடுத்து டயல் கேஜ். டிஸ்க் சுழலும்போது பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்ததில் இடப்பக்கம் 0.13 மி.மீ. பெரும்பாலான கார் கம்பெனிகள் அனுமதிப்பது 0.05இலிருந்து 0.10க்குள். டிஸ்க்கைக் கழற்றினேன். டிஸ்க்கும் சக்கரமும் வந்து உட்காரும் ஹப்பின் முகத்தில், போல்ட்டுகளுக்கு நடுவே, துருச் செதில் தடிப்புத் தடிப்பாக இருந்தது. மூன்று தடவை டிஸ்க்கைக் கழற்றி மாட்டியவர்களில் யாரும் அந்த இடத்தைத் தேய்க்கவில்லை. ஹப்பில் மயிரிழை அளவு தடிப்பு இருந்தாலும், டிஸ்க்கின் ஓரத்துக்குப் போகும்போது அந்த ஆட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும்.

பேடுகளை அழுத்தும் காலிப்பரில், அது பக்கவாட்டில் நகர வழிவிடும் கீழ் ஸ்லைடு பின் ஜாம். ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் துருப்பொடி. அதனால் உள்பேடு 4 மி.மீ., வெளிப்பேடு 7.5 மி.மீ. என்று கோணலாகத் தேய்ந்திருந்தன. பிரேக் ஆயில் நான்கு வருடமாக மாற்றவில்லை. தேநீர் நிறத்தில் இருந்தது.

பழைய டிஸ்க் இரண்டையும் சாக்கில் சுற்றி டிக்கியில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். அது பெரிய உதவி. புதிதில் 17 மி.மீ., குறைந்தபட்சம் 15 மி.மீ. என்று டிஸ்க்கிலேயே பொறித்திருந்தது. இரண்டு தடவை லேத்துக்குப் போனதில் இடது 15.1, வலது 15.2 ஆகியிருந்தது.

டிஸ்க்கைத் தின்றது எது

'சூட்டில் வளைந்துவிட்டது' என்பது நம் ஊரில் எல்லாப் பட்டறையிலும் சொல்வது. நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இங்கே சூடு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள கார் 90 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க, ஏறக்குறைய 3.4 லட்சம் ஜூல் சக்தியை பிரேக் விழுங்க வேண்டும். முன் டிஸ்க் ஒவ்வொன்றும் அதில் மூன்றில் ஒரு பங்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 4 கிலோ வார்ப்பிரும்பு அதனால் 65 டிகிரி அளவுக்குச் சூடேறும். அடுத்த தடவை மிதிப்பதற்குள் காற்றில் பெரும்பகுதி ஆறிவிடும். இதே கார் கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கினால் ஏறக்குறைய 1,800 மீட்டர் இறக்கம். கணக்குப் போட்டால் 1.9 கோடி ஜூல். எஞ்சின் பிடிப்பில் இறக்காமல் பிரேக்கிலேயே இறக்கினால் அத்தனையும் டிஸ்க் தலையில். துளை, கீறல் எல்லாம் அந்த மாதிரி மலைச்சாலைக்கும் பந்தய ஓட்டத்துக்கும் பிறந்த யோசனைகள். டெல்டாவில் மலை எங்கே இருக்கிறது? கல்லணையிலிருந்து பூம்புகார் வரை ஆறே அவசரமில்லாமல் நடக்கிற மண் இது.

இங்கே டிஸ்க்குக்கு எதிரி ஈரமும் உப்பும் சும்மா நிற்பதும்தான். உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதை எல்லார் வீட்டிலும் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண உப்பு தானாக நீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். வேதாரண்யத்தில் ராத்திரி ஈரப்பதம் அதைத் தாண்டுவது சர்வ சாதாரணம். மழையே பெய்யாத நாளிலும் அந்தக் கொட்டகையில் நின்ற டிஸ்க்கின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்திருக்கிறது.

அது ஹப் முகத்தில் துருவைக் கிளப்பியது. அதன் மேல் வைத்த டிஸ்க் நேராக உட்காரவில்லை. நேராக உட்காராத டிஸ்க், பிரேக் மிதிக்காமல் ஓடும்போதுகூட ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை லேசாக உரசிக்கொண்டே போகும். ஆயிரம், இரண்டாயிரம் கி.மீ. ஓடியபின் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலியும். உதறல் அப்போதுதான் வரும். மாட்டிய அன்று சரியாக இருந்ததற்கும் மூன்று மாதத்தில் திரும்பியதற்கும் காரணம் இதுவே. ஸ்லைடு பின் ஜாம் ஆனதால் பேடு விலக முடியாமல் உரசல் இன்னும் கூடியது. லேத்தில் டிஸ்க்கைச் சமமாக்கினார்கள். கோணலாக்கிய ஹப் அப்படியே இருந்தது.

என்னென்ன வழிகள் இருந்தன

துளை டிஸ்க்கையே சுத்தம் செய்து வைத்துக்கொள்வது முதல் வழி. கனம் 16.8 மி.மீ. இருந்தது. ஆனால் முகத்தில் துருக்குழி விழுந்துவிட்டது. துளைகளில் மறுபடியும் சேறு அடைக்கும். சாய்வு வெட்டாத விளிம்பு பேடைச் சீவும். ஒவ்வொரு துளைக்குள்ளும் பூச்சு இல்லாத இரும்பு. உப்புக்காற்றுக்கு இதைவிட வசதியான டிஸ்க் கிடையாது.

பழைய ஒரிஜினலை மூன்றாம் முறை லேத்தில் கொடுப்பது பற்றி யோசிக்கவே இல்லை. 0.1 மி.மீ.தான் மிச்சம். பழைய இரும்புக் கடையில் கழற்றிய டிஸ்க்கும் அப்படியே. எந்தக் காரில் எப்படி ஓடியது என்று தெரியாத பொருளை, அதுவும் பிரேக்குக்கு, நான் வாங்குவதில்லை.

கடைத்தெருவில் பெயரில்லாப் பெட்டியில் வரும் லோக்கல் டிஸ்க் ஜோடி 2,200 ரூபாய். அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் நடுவில் காற்றோட்டக் கண்கள், இருபுறமும் இரண்டு இரும்புத் தட்டு தெரியும். இரண்டு தட்டும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். இதில் ஒரு பக்கம் கண்ணுக்கே தெரியும்படி மெல்லிசு. வார்க்கும்போது உள்ளச்சு நகர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட டிஸ்க் சூடேறும்போது இரு பக்கமும் ஒரே மாதிரி விரியாது. குறைந்தபட்சக் கனம் எங்கேயும் பொறிக்கப்படவில்லை. அந்தப் பொறிப்பு இல்லாத டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என் வழக்கம்.

மிஞ்சியது இரண்டு. கார் கம்பெனி ஜெனுவின் பார்ட்ஸ், ஜோடி 4,600 ரூபாய். அல்லது கார் கம்பெனிகளுக்கே பிரேக் பாகம் சப்ளை செய்கிறவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியில் வெளிச்சந்தைக்குத் தரும் டிஸ்க். சென்னை பாடியில் 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா மாதிரி, இந்த வேலையை வெகுகாலமாகச் செய்கிறவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். இந்த மாதிரி தயாரிப்பாளர் ஒருவரின் டிஸ்க் இரண்டு வகையில் கிடைத்தது. ஒன்று எண்ணெய் தடவி வரும் சாதாரண வகை. இன்னொன்று முழுவதும் சாம்பல் நிறத் துருத்தடுப்புப் பூச்சு போட்ட வகை. ஜோடி 3,900 ரூபாய்.

பூச்சைப் பற்றி ஒரு விளக்கம். பேடு உரசும் முகத்தில் அது முதல் நாளே போய்விடும், போகத்தான் வேண்டும். ஆனால் ஹப்பில் உட்காரும் பகுதியிலும், வெளி விளிம்பிலும், காற்றோட்டக் கண்களுக்குள்ளும் தங்கும். எங்களுக்கு வேண்டியது அந்த இடங்கள்தான். அன்று எங்கள் கடையில் கிடைத்த ஜெனுவின் டிஸ்க்கில் பூச்சு, நடுவே தொப்பி போல எழும்பிய பகுதியில் மட்டும் இருந்தது.

தலைமை ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார்: "ஏன் தம்பி, பைக் டிஸ்க் துருப்பிடிக்கிறதே இல்லையே, காருக்கும் அந்த மாதிரி போட்டால் என்ன?" நல்ல கேள்வி. பைக் டிஸ்க் துருப்பிடிக்காத எஃகு. காருக்குச் சாம்பல் வார்ப்பிரும்பு, அதற்குள் கரிம இழைகள் இருக்கின்றன. சூட்டை வேகமாகப் பரப்பும், சத்தத்தை அடக்கும், விலையும் குறைவு. கூடவே துருவும் பிடிக்கும். "அதனால்தான் சார், துருப்பிடிக்கிற இரும்புக்குள்ளேயே நல்லதாகத் தேட வேண்டியிருக்கு" என்றேன்.

மகன் போனில் வந்தார். "அண்ணே, பணம் ஒரு பிரச்சினை இல்லை. அப்பா அம்மாவை வச்சு அந்த ரோட்டில ஓட்டுறாரு. எது பெஸ்டோ அதைப் போடுங்க." துளை டிஸ்க்கைக் கழற்றப் போகிறேன் என்றதும் கொஞ்சம் அமைதியாகிவிட்டார். அவர் அக்கறையில் குறையே இல்லை. விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று யாருமே நினைக்கக்கூடியதுதான். துளையில் அடைத்திருந்த களிமண்ணைப் படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டு, "சரி அண்ணே, நீங்க சொல்றபடியே செய்யுங்க" என்றார்.

எடுத்த முடிவு

துளையும் கீறலும் இல்லாத, முழுப் பூச்சுள்ள, காற்றோட்ட டிஸ்க் ஜோடி. இரு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே தயாரிப்பு. அதோடு புதுப் பேடு; கோணலாகத் தேய்ந்த பழைய பேடு புது டிஸ்க்கையும் தன் வடிவத்துக்குத் தேய்த்துவிடும். நான்கு ஸ்லைடு பின்னும் பூட்டும் புதிது. பிரேக் ஆயில் முழுவதும் மாற்றம்.

ஆயில் டப்பா மூடியில் டாட் 3 என்று பிரேக் ஆயிலின் தரம் குறித்திருந்தது. கையேடு டாட் 4ஐயும் அனுமதித்ததால் அதை ஊற்றினேன். புது டாட் 3 கொதிப்பது 205 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பின் அந்த வரம்பு 140. டாட் 4க்கு அவை 230, 155. இரண்டுமே காற்றிலிருந்து ஈரம் இழுப்பவை. கடற்கரை வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தேன்.

மாட்டிய விதம்

டிஸ்க் மாற்றுவது அரை மணி நேர வேலை என்பார்கள். இந்த வண்டிக்கு ஒரு முழுப் பகல் ஆனது, அதில் பெரும்பகுதி ஹப்புக்கு. கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள், போல்ட் அடியில் இருக்கும் வளையத்தைக் கூர்முனையால் சுரண்டி, துணியால் துடைத்து, இரும்பு நிறம் தெரியும்வரை. சுத்தம் செய்வதற்கு முன் ஹப் முகத்தின் ஆட்டம் 0.05 மி.மீ.; செய்த பின் 0.02. அந்த இடத்தில் கிரீஸ் எதுவும் பூசவில்லை.

புது டிஸ்க்கை மாட்டி டயல் கேஜ் வைத்தேன். இடது 0.03. வலது 0.04. திருப்தியாக இருந்தது. வலப்பக்கம் அளக்கும்போது மாலை ஆகிவிட்டதால் நான்கு நட்டுக்குப் பதில் இரண்டை மட்டும் போட்டு இறுக்கி அளந்தேன். இதை இங்கே பதிவு செய்ய வேண்டும், காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

வீல் நட்டுகளைக் கையால் குறுக்குக் குறுக்காக வைத்து, கையேடு சொன்ன 85 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். காற்றுத் துப்பாக்கியால் ஒரு நட்டை அதிகம், இன்னொன்றைக் குறைவு என்று இறுக்கினால் நேராக உட்கார்ந்த டிஸ்க்கும் இழுபடும்.

மறுநாள் காலை 6 மணிக்கு ஆள் நடமாட்டமில்லாத சாலையில் பேடைப் பழக்கினோம். 60இலிருந்து 20 வரை நிதானமாக மிதித்து விடுவது, நடுவில் அரைக் கிலோமீட்டர் ஆறவிடுவது, இப்படிப் பத்துத் தடவை. ஒருமுறைகூட முழுதாக நிறுத்தவில்லை. சூடான டிஸ்க்கில் பேடை அழுத்திப் பிடித்தபடி நின்றால் பேடு பொருள் அந்த இடத்தில் திட்டாக ஒட்டும்.

500 கி.மீ. கழித்து

அடுத்த திருச்சிப் பயணம் முடிந்து திரும்பும் வழியில் வரச் சொல்லியிருந்தேன். உதறல் இல்லை என்றார், அம்மாவும் தூங்கிக்கொண்டே வந்ததாகச் சொன்னார்கள். இருந்தாலும் சக்கரத்தைக் கழற்றி மறுபடியும் அளந்தேன். இடது 0.03, அப்படியே. வலது, இந்த முறை நான்கு நட்டும் முறையாக இறுக்கி அளந்ததில், 0.09.

டிஸ்க் மாறவில்லை. முதல் நாள் அளவுதான் பொய். இரண்டு நட்டில் டிஸ்க் முழுதாக அழுந்தி உட்காரவில்லை. அப்படியே விட்டிருந்தால் மூன்று மாதத்தில் பழைய கதை வலப்பக்கத்தில் தொடங்கியிருக்கும், குறை டிஸ்க் மேல் விழுந்திருக்கும்.

சரி செய்வது எளிது. டிஸ்க்கை ஹப்பில் ஒரு துளை தள்ளி மாட்டி அளப்பது. ஹப்பின் சிறு கோணலும் டிஸ்க்கின் சிறு கோணலும் ஏதோ ஒரு நிலையில் ஒன்றையொன்று ஈடு கட்டும். நான்கு நிலையிலும் அளந்ததில் 0.09, 0.07, 0.03, 0.06 என்று வந்தது. மூன்றாவது நிலையில் பூட்டி, ஹப்பிலும் டிஸ்க்கிலும் பெயிண்டால் புள்ளி வைத்தேன், அடுத்து யார் கழற்றினாலும் அதே நிலையில் மாட்ட.

அதற்குப் பிறகு

2023 டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டது. 12 நாள் வண்டி நகரவில்லை. பிறகு எடுத்தபோது முதல் சில மிதிப்பில் கரகரவென்று சத்தம், லேசான துடிப்பு. உடனே போன் செய்தார். கழற்றிப் பார்க்காமலே, ஆளில்லாத சாலையில் 40இலிருந்து மெதுவாக இருபது தடவை மிதிக்கச் சொன்னேன். போய்விட்டது. பொங்கலுக்கு முன் கொண்டுவந்தபோது பார்த்தேன்: இடது டிஸ்க்கில் பேடு நிழல் இலேசாகத் தெரிந்தது, குழி விழவில்லை.

டிஸ்க் தேர்வால் மட்டும் தீராத பகுதி இது. பேடு உரசும் முகத்துக்குப் பூச்சு கிடையாது. அதைக் காக்க வண்டி ஓடித்தான் ஆக வேண்டும். தலைமை ஆசிரியரோடு உட்கார்ந்து இரண்டு ஏற்பாடு பேசினோம். கொட்டகையின் கடல் பக்கம் தகரம் அடித்தார். மூன்று நாளைக்கு ஒருமுறை பேருந்து நிலையம் வரை போய் வருவது என்று வைத்துக்கொண்டார். மழையிலோ கழுவிய பின்னோ நிறுத்தும்போது, வீட்டுக்கு முன் கடைசி அரைக் கிலோமீட்டரில் நாலைந்து தடவை மிதித்து ஈரத்தை உலர்த்திவிட்டு நிறுத்துவது. நாற்பது வருடம் மணியடித்துப் பள்ளி நடத்தியவர். சொன்னதை நாள்காட்டியில் குறித்து வைத்துச் செய்தார்.

2025 ஜனவரியில், 14 மாதமும் 7,200 கி.மீ.யும் ஆனபோது முழு அளவு எடுத்தேன். கனம் இடது 16.82, வலது 16.84. சுற்றளவில் கன வித்தியாசம் இடது 0.007, வலது 0.006. ஆட்டம் இடது 0.04, வலது 0.03. டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்ததில் ஹப் முகத்தில் பழுப்பு நிறம் ஏறியிருந்தது, செதில் இல்லை. விளிம்பிலும் காற்றோட்டக் கண்களிலும் பூச்சு பெரும்பாலும் அப்படியே. பேடு இரு பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. நால்வழிச் சாலையில் 90இல் ஓட்டிப் பார்த்தேன், ஸ்டியரிங் அசையவில்லை.

குறையும் உண்டு. இடது டிஸ்க்கின் உள்முகத்தில், பேடு தொடாத வெளிவட்டத்தில் 4 மி.மீ. அகலத்துக்குத் துரு வளையம் பிடித்திருக்கிறது. அது உள்நோக்கி வளர்ந்து பேடின் கீழ் நுழைந்தால் கனம் மிச்சம் இருக்கும்போதே டிஸ்க் முடிந்துவிடும். நம் கடற்கரை வண்டிகளில் டிஸ்க் தேய்ந்து சாவதைவிட இப்படித் துருவில் சாவதுதான் அதிகம் பார்த்திருக்கிறேன். இப்போதைக்கு அந்த வளையத்தைச் சுரண்டிவிட்டு விட்டேன்.

இனி மாற்றிச் செய்வது

பிரேக் உதறல் என்று எந்த வண்டி வந்தாலும் டிஸ்க்கைக் கழற்றும் முன்பே டயல் கேஜ் வைக்கிறேன். கழற்றிய பிறகு வைத்தால் பழைய கோணல் எங்கே இருந்தது என்று தெரியாமல் போய்விடும். அளக்கும்போது எல்லா நட்டையும், வாஷர் வைத்து, முழு இறுக்கத்தில். மாலை ஆகிவிட்டால் மறுநாள் காலை அளக்கிறேன், வண்டிக்காரர் காத்திருக்கட்டும்.

'எத்தனை கி.மீ. ஓடியது' என்பதோடு 'எங்கே நிற்கிறது, எத்தனை நாள் சும்மா நிற்கிறது' என்றும் கேட்டு ஜாப் கார்டில் எழுதுகிறேன். அதற்கான பதிலைப் பொறுத்து டிஸ்க் மாறுகிறது. தினமும் தஞ்சாவூர், கும்பகோணம் ஓடும் வாடகை வண்டிக்கு எண்ணெய் தடவிய சாதாரண டிஸ்க்கே போதும். துரு பிடிக்க அதற்கு நேரம் கிடையாது, கூடுதல் பணம் கேட்பதில் நியாயம் இல்லை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு முழுப் பூச்சு. மாதாமாதம் கொடைக்கானலோ ஊட்டியோ போகிறவர் என்றால் அது வேறு பேச்சு. அங்கே பேடு வகையும் பிரேக் ஆயிலும் முதலில் வரும், அதன் பிறகே டிஸ்க்.

ஸ்லைடு பின்னை வருடம் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன், கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் வைப்பதை இந்தப் பக்கத்து வண்டிகளுக்குத் தனி வேலையாகவே சேர்த்துவிட்டேன். இந்த வண்டிக்கு முதல் வருடம் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஜனவரியில் பார்த்தபோது இடது கீழ் பின் இறுகத் தொடங்கியிருந்தது.

துளை டிஸ்க் இரண்டும் இன்னும் பட்டறை அலமாரியில் இருக்கின்றன, களிமண் அடைத்தபடியே. கேட்கிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறேன். தலைமை ஆசிரியர் வண்டிக்கு அடுத்த அளவு ஆவணியில். இந்த முறை உள்முகத் துரு வளையத்தின் அகலத்தையும் கார்டில் குறித்து வைத்திருக்கிறேன்: இடது 4 மி.மீ., வலது 2.